முகப்பதிவு

முகப்பதிவு செய்துகொண்டால்தான் வீட்டுக்குள் கால் வைக்கலாம் என்று பிரணவிடம் சொன்னது சம்யுக்தாதான். அதை அவள் பிற்பாடு யாரிடமும் மறுத்ததில்லை.

அப்போது மகள் நிலானிக்கு ஒரு வயதுகூட நிறையவில்லை. பிரணவ் அண்ணனோடு சேர்ந்து காந்திபுரத்தில் பம்ப்செட் கடை நடத்திக்கொண்டிருந்தான். கடைக்குக் கம்ப்யூட்டர் வேலை செய்துகொடுக்க வந்த பெண்ணோடு பழக்கமாகி, அது சில மாதங்கள் ஓடி, கடைசியில் அந்தப் பெண்ணே சம்யுக்தாவுக்கு போன் போட்டுச் சொன்னதில் வெளியே வந்தது. சம்யுக்தா பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளர். அழுது புரளும் ஆள் இல்லை. அவன் துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கி வாசலில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்து வந்து கதவுக்கு வெளியே நின்றபடியே பேசினான். "அவ உன்னைவிட அழகெல்லாம் இல்ல சம்யு. ஏன்னு எனக்கே புரியல. புதுசா ஒரு முகம். அவ்வளவுதான்."

அந்தப் பதில்தான் அவளுக்கு நெஞ்சில் தைத்தது. காதல் என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். புதுசா ஒரு முகம்! அப்படியானால் அடுத்த வருடமும் ஊரில் புது முகங்கள் இருக்கத்தானே போகின்றன?

கோயம்புத்தூரில் 'இணைமுகம்' நிலையங்கள் பரவிக்கொண்டிருந்த சமயம் அது. கல்யாண மண்டபம், சமையல், பூ அலங்காரம் என்று பேசி முடிக்கும்போதே "மாப்பிள்ளைக்குப் பதிவும் சேர்த்துப் போட்டுடலாங்களா?" என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டிருந்தது. பெண் வீட்டார் ஜாதகத்துக்கு அடுத்தபடியாக அதைத்தான் விசாரித்தார்கள். பெண்ணுக்கும் பதிவு செய்ய முடியும். ஆனால் யாரும் கேட்டதில்லை. பொம்பளைப் பிள்ளைக்கு அது எதற்கு என்பதுதான் எல்லோர் நினைப்பும்.

நிலையத்தில் இருந்த டாக்டர் ரெங்கநாதன் சிரித்த முகத்தோடு விளக்கினார்.

"அழகான ஒரு முகம் கண்ணுல பட்டதும், இங்க, நெத்திக்குப் பின்னால ஒரு இடம் முழிச்சுக்கும். நல்ல பசியில சாப்பாட்டு வாசம் வந்தா முழிக்குமே, அதே இடம். நாம யோசிக்கறதுக்கு முன்னாடியே அது முடிவு பண்ணிடும். ஆனா அதுக்கு ஒரு கெட்ட குணம். தினமும் பார்க்கற முகம்னா மெல்ல மெல்ல அடங்கிடும். எவ்வளவு அழகான முகமா இருந்தாலும் சரி."

"அதைத்தான் நீங்க மாத்தறீங்களா?" என்றாள் சம்யுக்தா.

"ஒரே ஒரு முகத்துக்கு மட்டும் அது அடங்கவே அடங்காதபடி பண்ணிடறோம். மத்த முகம் எல்லாம் அவருக்குச் சும்மா முகம். உங்க முகம் மட்டும் என்னைக்கும் முதல் நாள் பார்த்த மாதிரி."

பிரணவ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "வலிக்குமா?" என்று மட்டும் கேட்டான்.

"கொஞ்சம் சத்தம் கேக்கும், அவ்வளவுதான். ஒருதடவை பண்ணிட்டா எடுக்க முடியாது. அதை மட்டும் யோசிச்சுக்குங்க. அப்புறம், மேடம், நீங்களும் முகத்தைப் பெரிசா மாத்திடாதீங்க."

முதலில் சம்யுக்தாவை ஒரு வட்ட அறையில் உட்கார வைத்து எல்லாப் பக்கமும் படம் எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள், கோபப்படச் சொன்னார்கள், கண்ணை மூடித் தூங்குவதுபோல் இருக்கச் சொன்னார்கள். கோபம் மட்டும் தானாக வந்தது. அப்புறம் பிரணவை உள்ளே கூட்டிப்போய்த் தலையில் தொப்பி ஒன்றை மாட்டினார்கள். வெளியே உட்கார்ந்திருந்தவளுக்கு மரங்கொத்தி கொத்துவதுபோல டக் டக்கென்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

வெளியே வந்தவன் அவளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். பார்த்த பார்வையில் வரவேற்பறையில் இருந்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள். சம்யுக்தாவுக்கு உடம்பு சிலிர்த்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

ஜெயித்த அந்த ருசி ரொம்ப நாள் நிற்கவில்லை.

பிரணவ் மாறித்தான் போனான். கடையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அவள் எங்கே என்று தேடினான். அவள் வகுப்புக்குத் தயார் செய்துகொண்டிருந்தால் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலையில் எண்ணெய் வழிய, சாயம் போன நைட்டியில், வெங்காயம் நறுக்கிக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவளைச் சமையலறை வாசலில் நின்று பார்த்தான்.

"என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. நல்லா இருக்கே."

"இது நீங்க பேசல. பதிவு பேசுது."

அவன் சிரித்தான். ஆனால் அவள் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பூ வாங்கி வந்தால் சொன்னாள். கூட்டத்தில் அவளைத் தேடிக் கண்டுபிடித்து அவன் முகம் மலர்ந்தால் சொன்னாள். ஒருநாள் அவன் சிரிக்கவில்லை.

"எனக்கு வித்தியாசம் தெரியல சம்யு. எனக்கு உள்ளே இருந்துதான் வருது. மெஷின் எது, நான் எதுன்னு உனக்கு எப்படித் தெரியுது?"

காசு போட்டால் பாட்டுப் பாடும் பெட்டிக்கு முன்னால் நிற்பதுபோல் இருந்தது அவளுக்கு. பாட்டு நன்றாகத்தான் இருந்தது. போட்ட காசும் ஞாபகம் இருந்தது. அவன் வந்து அவள் கையைப் பிடித்தால் பிடித்துக்கொள்வாள். தானாக அவன் கையைத் தேடிப் பிடித்ததில்லை.

மற்ற வீடுகளில் வேறு கதைகள் நடந்தன. அவளோடு வேலை பார்க்கும் பூங்கோதையின் கணவனும் பதிவு செய்துகொண்டவன். பூங்கோதைக்குக் கண்ணில் கோளாறு வந்து கண்ணாடி எழுதிக்கொடுத்தார்கள். பதிவு எடுத்தபோது கண்ணாடி இல்லாத முகம், அதனால் போடமாட்டேன் என்று நின்றாள். கல்லூரி மாடிப்படியில் தடுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டாள். முடி வெட்டப் பயந்தவர்கள், கன்னம் வற்றிவிடுமோ என்று காய்ச்சலில் படுத்துக்கொண்டே நெய்ச்சோறு தின்றவர்கள் என்று ஊரெல்லாம் பெண்கள் பழைய முகத்தைக் காபந்து பண்ணிக்கொண்டிருந்தார்கள். பதிவு முகப் பராமரிப்பு என்றே அழகு நிலையங்களில் தனியாக ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். ஆண்களைக் கட்டிப்போட வந்த கயிறு பெண்கள் கழுத்தில் விழுந்துவிட்டதாகப் பூங்கோதை மாவுக்கட்டுப் போட்ட கையோடு சொல்லிச் சிரித்தாள். சம்யுக்தாவும் சிரித்தாள்.

மூன்றாவது வருடக் கடைசியில், சம்யுக்தாவின் இடது காதுக்கு முன்னால் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி எழும்பியது.

நல்ல கட்டி இல்லை. முக நரம்பைச் சுற்றிக்கொண்டு வளர்ந்திருந்தது. நரம்பை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் எடுக்கப் பார்க்கிறோம் என்றார்கள். உள்ளே போய்ப் பார்த்தபோது முடியவில்லை. உயிர் பிழைத்தாள். முகத்தின் இடது பாதி மட்டும் போய்விட்டது.

போய்விட்டது என்றால், அங்கேதான் இருந்தது. ஆனால் அசையவில்லை. புருவம் இறங்கி, கன்னம் தொங்கி, வாயின் ஓரம் கீழே இழுத்துக்கொண்டது. கண் மூடாது. தூங்கும்போது ஒட்டுப்போட்டு மூடவேண்டும். தண்ணீர் குடித்தால் ஓரத்தில் வழிந்தது. உதடு சேராததால் ப, ம இரண்டும் காற்றாகப் போயின. கல்லூரியில் அவள் எடுத்துக்கொண்டிருந்த பாடத்தில் பத்து வார்த்தைக்கு ஒரு தடவை 'பம்ப்' வரும். அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்துச் சொல்லிப் பார்த்து ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே அழுதாள்.

கட்டுப் பிரித்த அன்று பிரணவ் ஆரஞ்சுப் பழப் பையோடு உள்ளே வந்தான். அவளைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் வைத்தான். ஒரே ஒரு அடி. உடனே சமாளித்து முன்னால் வந்து, "வலிக்குதா?" என்று கேட்டான். பார்வை மட்டும் அவள் தோளைத் தாண்டிச் சுவரில் இருந்தது.

அதன்பிறகு அவன் செய்யாத பணிவிடை இல்லை. வேளைக்குச் சொட்டு மருந்து விட்டான். கஞ்சி ஆற்றிக் கொடுத்தான். வாயோரம் வழிவதைத் துடைத்தான். எல்லாவற்றையும், ஊசியில் நூல் கோப்பவன் ஊசியை மட்டும் பார்ப்பதுபோல, அந்தந்த இடத்தை மட்டும் பார்த்துச் செய்தான். மொத்த முகத்தையும் சேர்த்துப் பார்க்கவில்லை. "உனக்குத் தூக்கம் கெடும்" என்று சொல்லிக் கூடத்து சோபாவுக்குப் போய்விட்டான்.

நான்கு வயது நிலானி முதல் இரண்டு நாள் அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தாள். அப்புறம் கட்டிலில் ஏறி, தொங்கும் வாயோரத்தை ஒற்றை விரலால் தூக்கிவிட்டாள். அது திரும்ப இறங்கியது.

"இந்தப் பக்கம் தூங்குதா அம்மா?"

"ஆமா."

"எப்ப முழிக்கும்?"

"இனி முழிக்காதுடா."

நிலானி கொஞ்சம் யோசித்தாள். "அப்ப மெதுவாத்தான் முத்தா தரணும்" என்று அந்தப் பக்கத்தில் உதட்டை வைத்து எடுத்தாள். அத்தோடு அவளுக்கு அந்த விஷயம் முடிந்துவிட்டது.

ஒரு மாதம் போனது. ஒரு சாயங்காலம் அடுக்குமாடியின் கீழே குப்பை போடப் போன சம்யுக்தா, கார் நிறுத்தும் இடத்தில் பிரணவ் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். செல்போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடி வழியே அது என்னவென்று தெரிந்தது. குன்னூர் போகும் வழியில் அவள் சோளக்கதிரைக் கடித்துவிட்டுக் காரம் தாங்காமல் சிரிக்கும் வீடியோ. பிரணவின் முகத்தில் அந்தப் பழைய மலர்ச்சி இருந்தது. மேலே வீட்டில் இத்தனை நாளும் காணாத மலர்ச்சி.

கார்க் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் போனைக் கவிழ்த்தான்.

"பாருங்க. நான் ஒண்ணும் சொல்லல."

அவன் உடைந்துபோனான். "முடியல சம்யு. உன் குரல் தெரியுது. நீதான்னு தெரியுது. முகத்தைப் பார்த்தா உள்ளே ஒண்ணுமே வரமாட்டேங்குது. யாரோ வேற ஒருத்தர் வீட்டுக்குள்ள இருக்கற மாதிரி. நான் என்ன பண்ணட்டும்? அவங்க அந்த முகத்தைத்தானே உள்ளே போட்டு வெச்சிருக்காங்க?"

"தெரியும். உங்க தப்பில்ல."

"நான் கெட்டவன் இல்ல."

"இல்லைங்க. நான்தானே கூட்டிட்டுப் போனேன். என் பேராசை."

அவள் அவன் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுதான். கண்ணை மூடிக்கொண்டபோது அவனால் அவளைக் கட்டிக்கொள்ள முடிந்தது. பதிவை எப்படியாவது எடுத்துவிடவேண்டும் என்று அவள் அப்போதுதான் முடிவு செய்தாள்.

இணைமுகம்காரர்கள் கையை விரித்தார்கள். முன்பே சொன்னோமே என்றார்கள். விசாரித்து விசாரித்து, பதிவால் வந்த சிக்கல்களைப் பார்ப்பதற்கென்றே ஓர் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் இருக்கிறார் என்று தெரிந்து அங்கே போனார்கள். டாக்டர் பர்வீன் அதிகம் பேசாதவர். பிரணவை ஸ்கேன் குழாய்க்குள் படுக்கவைத்து, முகங்களாகக் காட்டிச் சோதித்து, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்.

முடிவு கேட்கப் போன அன்று நிலானி பசிக்கிறது என்று அடம்பிடித்தாள். பிரணவ் அவளைக் கேன்டீனுக்குக் கூட்டிப்போனான். அந்த நேரத்தில் டாக்டர் கூப்பிட்டுவிட்டார். சம்யுக்தா மட்டும் உள்ளே போனாள். டாக்டர் பர்வீன் அவள் முகத்தை நேராகப் பார்த்தார். அப்படிப் பார்க்கும் பெரியவர்கள் அப்போது குறைவு.

"உங்க வீட்டுக்காரருக்குப் பதிவே இல்லம்மா."

"அழிஞ்சு போச்சுங்களா?"

"அழிஞ்சிருந்தா தடம் இருக்கும். எவ்வளவு வருஷம் ஆனாலும் இருக்கும். இவர் மூளையில யாரும் கையே வைக்கல."

"நான் வெளியே உட்கார்ந்திருந்தேன் டாக்டர். சத்தம் கேட்டுச்சு."

"சத்தம் கேட்டிருக்கும். தொப்பியும் மாட்டியிருப்பாங்க. அந்த வருஷம் வந்தவங்கள்ல பாதிப் பேருக்கு அவ்வளவுதான் பண்ணியிருக்காங்க. மெஷின் வேலை செய்யுதா, இல்ல பண்ணிக்கிட்டோம்ங்கற நெனைப்பு வேலை செய்யுதான்னு பார்க்க. வந்தவங்க யாருகிட்டயும் சொல்லல. அங்கே வேலை பார்த்த ஒருத்தர் சொல்லித்தான் எனக்கே தெரியும். இங்கே இந்த மாதிரி இதுக்கு முன்னாடியும் சிலர் வந்திருக்காங்க."

சம்யுக்தா மூடாத கண்ணைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டாள். அந்தக் கண் எப்போதும் நீர் விட்டுக்கொண்டுதான் இருந்தது. எதற்கு என்று அதற்குத் தெரியாது.

"ஆனா அவர் மாறினாரே டாக்டர். மூணு வருஷம். என்னைத் தவிர யாரையும் பார்க்கல."

"நெனைப்பு ஒரு ரெண்டு மாசம் இழுக்கும். மூணு வருஷமெல்லாம் வெறும் நெனைப்பு தாங்காதும்மா. அவருக்கே உங்களை அவ்வளவு பிடிச்சிருக்கணும்."

ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் சம்யுக்தாவுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சமையலறை வாசலில் நின்றவன் அவனாகவேதான் நின்றான். பூ வாங்கி வந்தவன் அவனாகவேதான் வாங்கி வந்தான். அத்தனைக்கும் அவள் சொன்ன பதில் ஒன்றே ஒன்று. நீங்க பேசல.

கைக்குட்டையை மடித்தபடி கேட்டாள். "அப்ப இப்ப இருக்கறது?"

டாக்டர் மேசை மேலிருந்த பேனாவை எடுத்து மூடினார். "முகம் மாறினா கூட இருக்கறவங்களுக்கு இப்படி ஆகறது உண்டு. பெரும்பாலும் பழகிடும். பார்க்கப் பார்க்கத்தான் பழகும். பார்க்காமலே இருந்தா எப்படிப் பழகும்? என்மேல தப்பில்ல, மெஷின்மேலதான் தப்புன்னு ஒருத்தர் நெனச்சுட்டா, பார்க்கவே மாட்டார். அவர்கிட்ட நான் சொல்லட்டுமா?"

"வேண்டாம் டாக்டர். நானே சொல்லிக்கறேன்."

அவிநாசி சாலையில் வெயில் கொளுத்தியது. நிலானி பின்சீட்டில் தூங்கிவிட்டாள். பிரணவ் சாலையைப் பார்த்தபடியே கேட்டான்.

"என்ன சொன்னாங்க?"

சொல்லவேண்டாம் என்றுதான் அவளுக்கு அப்போது தோன்றியது. அவனுக்கு ஒரு காரணமாவது மிஞ்சட்டும்.

"எடுக்க முடியாதாம்."

ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்த அவன் விரல்கள் தளர்ந்தன. தோள் இறங்கியது. நீளமாக ஒரு மூச்சு விட்டான். அதெல்லாம் முடிந்த பிறகுதான் முகத்தில் வருத்தம் வந்தது. "அடக் கடவுளே" என்றான்.

அந்த மூச்சை அவள் பார்த்துவிட்டாள். பார்த்த பிறகு பொய்யோடு உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"நான் சொன்னது பொய்ங்க. எடுக்கறதுக்கு அங்கே ஒண்ணும் இல்ல. உங்களுக்கு அன்னைக்குப் பதிவே பண்ணல. தொப்பியை மாட்டிச் சத்தம் மட்டும் கேக்க வெச்சிருக்காங்க."

அவன் வண்டியை ஓரம் கட்டினான். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போனார்கள்.

"என்ன உளர்றே? அப்ப அந்த மூணு வருஷம்?"

"அதுவும் நீங்கதான்," என்றாள் சம்யுக்தா. "இதுவும் நீங்கதான்."

அவன் முகம் சிவந்து வந்தது. "அந்தம்மாவுக்கு என்ன தெரியும்? பழைய மெஷினை வெச்சுக்கிட்டு என்னத்தையாவது சொல்லுவாங்க" என்று அங்கேயே இணைமுகத்துக்கு போன் போட்டான். பெயர், ஊர், வருடம் எல்லாம் சொன்னான். மறுமுனையில் ஒரு பெண் குரல் தேன் ஒழுகப் பேசியது. "உங்களுக்கு முழுப் பதிவு பண்ணியிருக்கோம் சார். வாழ்நாள் முழுக்க அப்படியே இருக்கும் சார். வேற ஏதாவது உதவி வேணுங்களா?"

"கேட்டியா?" என்று அவளிடம் திரும்பினான். பல வாரங்களுக்குப் பிறகு அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது.

"கேட்டேன். அவங்க வேற எப்படிச் சொல்லுவாங்க?"

"அப்ப நான் அப்படிப்பட்ட ஆளுங்கறியா? பொண்டாட்டிக்கு உடம்புக்கு வந்ததும் மூஞ்சியைத் திருப்பிக்கற ஆளா?"

"எப்படிப்பட்ட ஆளும் இல்லைங்க நீங்க. என் முகம் மாறிடுச்சு. பார்க்க உங்களுக்குப் பிடிக்கல. எனக்கும்தான் கண்ணாடியைப் பார்க்கப் பிடிக்கல. அதை வாயால சொல்லிட்டா, மேற்கொண்டு என்ன பண்ணலாம்னு ரெண்டு பேரும் யோசிக்கலாம். தினம் கொஞ்சம் கொஞ்சமாப் பாருங்க. பழகலாம்னு டாக்டர் சொல்றாங்க."

"பிடிக்கலன்னு இல்ல. முடியல. ரெண்டும் வேற வேற. மெஷின்தான். அது மெஷின்தான் சம்யு."

கெஞ்சுவதுபோல்தான் சொன்னான். ஆனால் அவள் தோளைப் பார்த்துச் சொன்னான்.

சம்யுக்தா கொஞ்ச நாள் பார்த்தாள். காலையில் எதிரே உட்கார்ந்து காபி குடிக்கக் கூப்பிட்டாள். இரண்டு நாள் வந்தான். மூன்றாவது நாள் கடையில் அவசரம் என்றான். பிறகு ஒரு நாள் அவளே கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டைப் பார்த்து, நிலானியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அவன் தடுக்கவில்லை. சாமான் ஏற்ற உதவி செய்தான்.

உறவுக்காரர்கள் பிரணவுக்காக வருத்தப்பட்டார்கள். பாவம், மூளைக்குள் அந்தப் பழைய முகத்தை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான் என்றார்கள். பதிவு பண்ணச் சொல்லி நெருக்கியது அவள்தானே, அனுபவிக்கட்டும் என்றார்கள் சிலர். சம்யுக்தா யாருக்கும் விளக்கம் சொல்லப் போகவில்லை. சொன்னால் அவளுக்குத்தான் புத்தி கலங்கிவிட்டது என்பார்கள். வகுப்புக்குப் போனாள். முதல் வாரம் பிள்ளைகள் குனிந்தே இருந்தார்கள். மாதம் போகப் போக நிமிர்ந்தார்கள். 'பம்ப்' என்று சொல்லவேண்டிய இடத்தில் இடது உதட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சொல்லப் பழகிக்கொண்டாள்.

பிரணவ் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தான். மகளுக்கு வேண்டியதை வாங்கி வந்தான். சம்யுக்தாவிடம் மரியாதையாகப் பேசினான். வந்தால் சன்னலோரம் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

சட்டப்படி பிரிந்து ஒரு வருடம் ஆனபிறகு ஒரு ஞாயிறு, நிலானி பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போனபிறகும் அவன் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தான். சம்யுக்தா அவன் பக்கத்தில் இருந்த நாற்காலியில் மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றான். "நானே சொல்லிடறது நல்லதுன்னு வந்தேன். ஈரோட்டுல ஒரு பொண்ணு பார்த்திருக்காங்க. போய்ப் பார்த்தேன்."

"பிடிச்சிருக்கா?"

அவன் காது மடல் சிவந்தது. "ம்."

சம்யுக்தா திருத்துவதை நிறுத்தினாள். பதிவு உள்ளவனுக்கு வேறொரு முகம் வெறும் முகம்தான். அது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவன் அவசரமாகப் பேசினான்.

"அவங்க வீட்டுல பதிவு பண்ணிக்கிட்டாத்தான் பொண்ணு தருவோம்னு சொல்றாங்க. இணைமுகத்துல போய்க் கேட்டேன். ஏற்கெனவே ஒண்ணு இருக்கும்போது எப்படின்னு. சோதிச்சுப் பார்த்துட்டு, பழசு எதுவும் இல்ல, தாராளமாப் புதுசு போடலாம்னுட்டாங்க. அது தானாவே மங்கிடுச்சாம். ஆயிரத்துல ஒருத்தருக்கு அப்படி ஆகுமாம்."

"எப்ப மங்குச்சாம்?"

அவன் சன்னலுக்கு வெளியே பார்த்தான். தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போனது. "அதை நான் கேக்கல," என்றான்.

சம்யுக்தாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. வாய்விட்டு இல்லை, சத்தமே இல்லாமல், கண்ணில் நீர் வர, நீளமாகச் சிரித்தாள். பிரணவுக்கு அது தெரியவில்லை. அவன் உட்கார்ந்திருந்தது அவளுக்கு இடது பக்கம்.